போன் ரிப்பேருக்குக் கொடுக்கும் மாணவர்கள் கவனத்துக்கு: பின் நம்பர் கேட்கும் கடை

டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்த என் போனில் கடை ஊழியர் தன் கைரேகையைப் பதிந்து வைத்திருக்கிறார். என் வாட்ஸ்அப்பையும் வேறொரு கணினியில் இணைத்திருக்கிறார். ரிப்பேருக்குப் போன் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பில் போடும்போதே பின் நம்பர் கேட்டார்கள். எதற்கு என்றேன். "டச் செக் பண்ணணும், இல்லைன்னா வாங்கிக்க மாட்டோம்" என்றார்கள். நம்பரை ஒரு தாளில் எழுதிப் போனின் பின்பக்கத்தில் ஒட்டினார்கள். மேசைமேல் கிடந்த எல்லாப் போன்களிலும் அப்படியொரு தாள். பெரும்பாலும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுடையவை.

டிஸ்ப்ளே வேலை சுத்தமாகத்தான் இருந்தது. காட்டிக்கொடுத்தது வங்கி ஆப். கைரேகை வைத்தால் திறக்கவில்லை. புதிய கைரேகை சேர்ந்திருக்கிறது, கடவுச்சொல் போடு என்றது. செட்டிங்ஸில் பார்த்தால் என் இரண்டு விரல்களுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று. அப்புறம்தான் வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைத் திறந்தேன். போன் கடையில் இருந்த நேரத்தில் ஒரு கணினி இணைக்கப்பட்டிருந்தது. புதிதாக ஒன்றை இணைக்கும்போது வாட்ஸ்அப் போனின் பூட்டைக் கேட்கும். பின் நம்பர்தான் பின்பக்கமே ஒட்டியிருந்ததே.

நேரில் போய்க் கேட்டேன். "சென்சார் வேலை செய்யுதான்னு பார்த்தோம்" என்றார்கள். சரி, டிஸ்ப்ளேக்கு அடியில் சென்சார் இருக்கும் போனில் அது தேவைப்படலாம். பார்த்த பிறகு ஏன் அழிக்கவில்லை? வாட்ஸ்அப்பில் எந்த சென்சாரைச் சோதித்தார்கள்? அதற்குப் பதில் இல்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இது எங்கோ ஒரு கடையின் கதை மட்டும் இல்லை. 2016ல் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் ஒரு கல்லூரி மாணவி தன் ஐபோனைப் பழுதுபார்க்க ஆப்பிளிடம் கொடுத்தார். ஒப்பந்தப் பழுதுபார்ப்பு மையத்தில் இருந்த இரண்டு ஊழியர்கள் அவருடைய அந்தரங்கப் படங்களை அவருடைய பேஸ்புக் கணக்கிலேயே, அவரே போட்டதுபோல் ஏற்றிவிட்டார்கள். நிறுவனம் இழப்பீடு கொடுத்த செய்தி 2021ல்தான் வெளியே வந்தது. பெரிய நிறுவனத்தின் வழியாகப் போன போனுக்கே இந்தக் கதி.

நம் வகுப்பில் ஒருவர் பின் நம்பர் இன்னொருவருக்குத் தெரியும். நோட்ஸ் எடுக்க, பாட்டுப் போட என்று கேட்டவுடன் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் கடைக்காரர் கேட்பதும் இயல்பாகத் தோன்றுகிறது. அது இயல்பே இல்லை. டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றுவதற்குப் பின் நம்பர் அவசியமில்லை. அவசர அழைப்புத் திரையில் எண்களை அழுத்தியே டச் பார்க்கலாம். பூட்டுத் திரையிலிருந்தே கேமராவைத் திறக்கலாம்.

பூட்டைத் திறந்து பார்த்தே ஆக வேண்டிய கோளாறு என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சாம்சங் போன்களில் 2022 முதல் பராமரிப்பு முறை வந்திருக்கிறது; கூகுளின் பிக்சல் போன்களில் 2023 டிசம்பரில் ரிப்பேர் முறை வந்தது. அதைப் போட்டுக் கொடுத்தால் ஊழியரால் போனை இயக்கிப் பார்க்க முடியும், நம் படங்களும் செய்திகளும் ஆப்களும் கண்ணில் படாது. வெளியே வர நம் பூட்டு வேண்டும். இது எத்தனை பேர் போனில் சும்மாவே கிடக்கிறது! அந்த வசதி இல்லாத போன் என்றால், பேக்கப் எடுத்துவிட்டு முழுவதும் அழித்துக் கொடுப்பதுதான் நல்லது. எதுவானாலும் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பின் நம்பர் சொல்லிக் கொடுத்து வாங்கியவர்கள், அதை மாற்றினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பின் நம்பரை மாற்றினாலும் கூடுதலாகப் பதிந்த கைரேகை அப்படியே இருக்கும். இணைத்த கணினியும் வெளியேறாது. கைரேகைப் பட்டியல், வாட்ஸ்அப் இணைப்புகள், கூகுள் கணக்கின் சாதனங்கள், இன்ஸ்டாகிராம் உள்நுழைவுகள், நீங்கள் போடாத ஆப்கள் எல்லாவற்றையும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை (Accessibility) அனுமதி எந்த ஆப்புக்குப் போயிருக்கிறது என்பதையும் பாருங்கள். திரையைப் படிக்கிற உளவு ஆப்கள் பெரும்பாலும் அந்த அனுமதியைத்தான் பிடித்துக்கொள்ளும்.

தெரியாத கைரேகையோ கணினியோ கண்டால், அழிக்கும் முன் நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் புகாரோடு சேர்த்திருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.