தாத்தா பெட்டில கெடச்ச கத்தி எந்த ஊர்னு கண்டுபிடிச்சுக் குடுத்த சர்வீஸ், என் அனுபவம்

பரண்ல கெடந்த தாத்தாவோட டிரங்க் பெட்டிய இறக்குனப்ப அடியில துணி சுத்தி ஒரு கத்தி இருந்துச்சு. உள்பக்கமா வளைஞ்ச அலகு, வெளுத்த பிடி, பிடி முனைல பித்தளை சிங்கத் தலை, கருப்புத் தோல் உறை. தாத்தா கப்பல்ல வேலை பார்த்தவர், அதனால ஏதோ வெளிநாட்டு ராஜா காலத்துதுன்னு வீட்ல முடிவே பண்ணிட்டாங்க, பிடி தந்தம்தான்னு சித்தப்பா அடிச்சு சொல்றாரு. எனக்கு இது எங்க செஞ்சதுன்னு சரியா தெரிஞ்சே ஆகணும்னு ஆயிடுச்சு.

மொதல்ல ஒரு ஆன்லைன் சர்வீஸ்ல குடுத்தேன், பேர் வேணாம். ஒரே ஒரு போட்டோ கேட்டாங்க, பத்து நிமிஷத்துல முகலாயர் காலம், 18ஆம் நூற்றாண்டு, தந்தப் பிடின்னு பதில், கூடவே சர்டிபிகேட்டுக்கு தனியா காசு கட்ட ஒரு லிங்க். கத்திய திருப்பிக் கூட பாக்காம எப்படிங்க நூற்றாண்டு சொல்றீங்க? செம கோவம் வந்துச்சு.

அப்புறம் போனதுதான் இந்த ரிவ்யூவுக்கான சர்வீஸ். பழைய ஆயுதங்கள மட்டும் பாக்குற ஒரே ஆள் நடத்துறாரு, வர்றதையே சமாளிக்க முடியல பேர் போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டதால போடல, ஆனா நல்ல சர்வீஸ்னா எப்படி இருக்கும்னு தெரியட்டும்னு எழுதுறேன். அவர் மொதல்ல சொன்னதே எதையும் தேய்க்காதீங்க, உப்புத்தாள் பாலிஷ் எதுவும் கூடாது, துருவுக்கு அடியில முத்திரை இருந்தா அதுவும் சேர்ந்து போயிடும்னுதான். அப்புறம் 12 போட்டோ கேட்டாரு. அலகு ரெண்டு பக்கமும், முதுகு, அலகும் பிடியும் சேர்ற இடம், உறையோட வாய், பின்னாடி தையல். ஒவ்வொண்ணும் ஏன்னு காரணமும் சொன்னாரு, உறை ஒரு காலத்துலயும் கத்தி வேற காலத்துலயும் செஞ்சிருக்கலாம், அதனால தனித்தனியாத்தான் பாக்கணுமாம்.

பிடிக்குப் பக்கத்துல அலகு மேல டார்ச்ச சாய்ச்சுப் பிடிச்சு லென்ஸ் வெச்சு பாருங்கன்னாரு. நேரா அடிச்சப்ப வெறும் துருதான். சாய்ச்சதும் நிழல் விழுந்து எழுத்து மெல்ல எழும்பி வருது, இங்கிலீஷ்ல ஐ, என், பாதி தேஞ்சு போன டி, கடைசில ஏ. இந்தியா! கை நடுங்கிடுச்சு எனக்கு.

ரிப்போர்ட்ல அதுக்கு விளக்கம் இருந்துச்சு. அமெரிக்கால 1890ல வந்த சுங்க வரிச் சட்டத்துனால 1891லேர்ந்து இறக்குமதி சாமான்ல செஞ்ச நாட்டோட பேர இங்கிலீஷ்ல போடணும்னு ஆச்சு, அதனால இப்படி முத்திரை இருந்தா பெரும்பாலும் ஏற்றுமதிக்குன்னு செஞ்சது, ராஜா அரண்மனைக்கு இல்ல. வடிவம் நேபாளத்து குக்ரி. அலகோட அடியில இருக்குற குட்டி வெட்டு, உறைக்குப் பின்னாடி ரெண்டு சின்ன கத்திக்கு இருக்குற சொருகு, ரெண்டுமே அதோட அடையாளம். ஒண்ணு கர்தா, சின்ன வேலைக்கு. இன்னொண்ணு சக்மக், மொட்டையா இருக்கும், தீட்டவும் தீப்பொறி தட்டவும். எங்க உறைல கர்தா மட்டும்தான் இருக்கு.

பிடி தந்தம் இல்ல, எலும்பு. யானைத் தந்தத்த குறுக்கு வெட்டுல பாத்தா ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிற வளைஞ்ச கோடுங்க தெரியும், எலும்புல குட்டி குட்டியா கருப்புப் புள்ளியும் கீறலும்தான். லென்ஸ் வெச்சா நமக்கே தெரியுது. இது சின்ன விஷயம் இல்லீங்க, யானைத் தந்தத்துக்கு 1990லேர்ந்து சர்வதேச வியாபாரத் தடை இருக்கு, மொத சர்வீஸ் பேச்ச நம்பி யாராச்சும் தந்தம்னு விக்கப் போனா என்ன ஆகுறது? சிங்கத் தலைல காந்தம் ஒட்டல, அதனால உள்ள இரும்பு இல்ல, ஆனா காதுக்குப் பின்னாடி அச்சுல வார்த்த கோடு அப்படியே இருக்கு, அதாவது கையால செதுக்குனது இல்ல.

முடிவு, 20ஆம் நூற்றாண்டுல இந்தியால அலங்காரத்துக்குன்னு செஞ்ச குக்ரி. வருஷம் சொல்ல ஆதாரம் இல்லன்னு நேரா எழுதிட்டாரு, அந்த நேர்மைக்கே முழு மார்க் குடுப்பேன்.

குறைன்னா ரிப்போர்ட் வர மூணு வாரம் ஆச்சு, நடுவுல ஒரு மெயிலுக்கும் பதில் இல்ல. உறையப் பத்தி ரெண்டே வரிதான், தையல் அவ்ளோ போட்டோ எடுத்து அனுப்பியும். அது எனக்கு இன்னும் மனசு ஆறல.

தாத்தா இத எந்தத் துறைமுகத்துல வாங்கினாரோ, இங்கேர்ந்து கடல் தாண்டிப் போய் திரும்ப அவர் பெட்டில ஏறி வந்திருக்கு. சக்மக் எங்கயாச்சும் விழுந்து கெடக்குதான்னு நாளைக்கு அந்த டிரங்க்க மறுபடியும் கொட்டிப் பாக்கப் போறேன்.