கல்கியா, சாண்டில்யனா, சி.வி.யா? குமரி மாவட்டத்து அலமாரியிலிருந்து

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாள் அக்காள் மகள் வந்து நின்றாள். "மாமா, ராஜா காலத்துக் கதை படிக்க வேண்டும். எதில் தொடங்கட்டும்?" என்று கேட்டாள். அலமாரியைத் திறந்து காட்டினேன். மேல் தட்டில் ஐந்து பாகமாகக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்', அடுத்த தட்டில் மூன்று பாகமாகச் சாண்டில்யனின் 'கடல் புறா', ஓரத்தில் அப்பா விட்டுப்போன மலையாளப் புத்தகம், சி.வி.ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா'. மூன்றையும் பித்துப் பிடித்தவர்கள் போல் படித்த ஆட்களோடு வளர்ந்தவன் நான். ஆனால் ஒவ்வொன்றும் கொடுக்கிற பித்து வேறு. அதைத் தெரிந்துகொண்டுதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

கல்கியை நான் முதலில் படித்தது தேரூர்க் குளத்தங்கரையில். ஆடி மாதம், சாரல் நின்றிருந்தது, வயலில் கன்னிப்பூ நெல் பச்சை கட்டியிருந்தது. கதையும் ஆடிப் பதினெட்டில்தான் தொடங்குகிறது. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களை எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறான். புத்தகத்தை மூடிவிட்டு நான் எங்கள் குளத்து மடைகளை எண்ணப் போனேன். கல்கி வாசகரைச் செய்வது இதைத்தான். உட்கார விடமாட்டார். படித்தவர்கள் கோடிக்கரைக்குப் போகிறார்கள், பழையாறையைத் தேடுகிறார்கள், தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் எழுத்துக் கூட்டிப் படிக்க முயல்கிறார்கள். 1950இல் 'கல்கி' இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டு வாரம் தவறாமல் வந்த தொடர் அது. மணியம் வரைந்த படங்களை வெட்டியெடுத்து, பைண்டு செய்து வைத்த வீடுகள் நாகர்கோவிலிலும் உண்டு. அப்படி ஒரு தொகுப்பை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஓரம் பொடிந்த தாள், நடுவில் ஏதோ வாரத்து எண்ணெய் விளம்பரம், குந்தவை படத்துக்குக் கீழே யாரோ பென்சிலால் போட்ட ஒரு சிறு கோடு.

நம் மாவட்டத்து வாசகருக்கு இந்த ஊர் சுற்றும் ஆசையில் கூடுதலாக ஒரு லாபம் இருக்கிறது. கதையில் தஞ்சை அரண்மனையில் நோயாளியாகக் கிடக்கிறாரே சுந்தர சோழர், அவர் பெயரைத்தான் கல்வெட்டில் சுசீந்திரம் தாங்கியிருக்கிறது: சுந்தர சோழச் சதுர்வேதிமங்கலம். அவருடைய மகன் ராஜராஜனின் பட்டப்பெயரில் கோட்டாறு மும்முடிச் சோழநல்லூர் ஆனது. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில் தூண்களில் ராஜராஜனின் பேரன் வீரராஜேந்திரன் காலத்தில் சோழ வம்சாவளி முழுவதும் வடமொழியில் பொறிக்கப்பட்டது. தஞ்சாவூருக்கு டிக்கெட் எடுக்காமலேயே பொன்னியின் செல்வனைத் தேடிப் போகலாம்.

அங்கேதான் எனக்குக் கல்கியிடம் ஒரு மனக்குறையும் இருக்கிறது. அருள்மொழிவர்மன் அரியணையை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுப்பதோடு கதை நிறைவடைகிறது. பிறகு அதே அருள்மொழிதான் ராஜராஜனாகித் தெற்கே படையெடுத்து வந்தான். 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்று கல்வெட்டில் அவன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி பேசுகிறது. நம் பக்கத்துக்கு அவன் தியாக வடிவம் அல்ல, வென்று வந்த அரசன். அந்தத் தொடருக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தேரூரில் பிறந்த கவிமணியும் காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். முஞ்சிறைக்குப் பக்கத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் தொண்ணூற்றைந்து சட்டர்கள், அதாவது மாணவர்கள், படிக்க ஒரு சாலை என்கிற கல்விக்கூடம் அமைத்தபோது, காந்தளூரின் முறையையே அதற்கு அளவாக வைத்தான். அப்படிப்பட்ட ஒரு கல்விமரபின் மேல் சோழர் படை வந்து இறங்கியது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பொன்னியின் செல்வனைப் படித்தால், அவன் சிரிப்பு கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். காதல் குறையாது. கண் திறக்கும்.

சாண்டில்யன் எந்த ஊருக்கும் கிளப்ப மாட்டார். நாற்காலியோடு கட்டிப்போடுவார். கடல் புறா குமுதத்தில் தொடராக வந்த கதை. வாரக் கடைசிவரை மூச்சைப் பிடித்து வைக்கிற வித்தை ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் தெரியும். சமாதான ஓலையோடு கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் இறங்குகிறான் கருணாகரத் தொண்டைமான். இறங்கிய சில பக்கங்களிலேயே வாள் உருவியாகிவிடுகிறது. கல்கியில் நூறு பக்கம் படித்துவிட்டு உறங்கப் போகலாம். சாண்டில்யனில் அது நடக்காது. கல்லூரி நாட்களில் கிளை நூலகம் ஒன்றில் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் இருந்தன, இரண்டாம் பாகத்தை எடுத்துப் போனவர் திருப்பித் தரவே இல்லை. ஏழு வாரம் அந்த நூலகத்துக்கு நடந்தேன். கடைசியில் குளச்சலில் ஒரு நண்பன் வீட்டில் அது கிடைத்தது.

அந்த நண்பன் வள்ளத்தில் போய் வளர்ந்தவன். காற்றைக் கச்சான், வாடை, கொண்டல் என்று பெயர் சொல்லித்தான் பேசுவான். "கடலைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறவர் எழுதியது போல இல்லை, பாய், நங்கூரம், காற்று மூன்றையும் சேர்த்தே யோசிக்கிறார்" என்றான். அவனுடைய அப்பச்சியும் பொன்னியின் செல்வனைத் தொட்டதில்லையாம், கடல் புறாவை மட்டும் நான்கு முறை படித்திருக்கிறார். கடற்கரை ஊர்களில் சாண்டில்யனுக்கு இருக்கிற மதிப்பு எனக்கு அன்று விளங்கியது. சோழ வரலாற்றைக் கடலின் பக்கத்திலிருந்து பார்க்க அவர்தான் வழி காட்டினார். அந்தக் கதையின் அநபாயன்தான் பிற்காலத்தில் முதல் குலோத்துங்கன். அவனுடைய படை விழிஞத்தை அழித்ததைக் கலிங்கத்துப்பரணி பாடுகிறது. கோட்டாற்றில் நிலைப்படை ஒன்றும் வைத்தான்.

ஆனால் பெண்கள் விஷயத்தில் சாண்டில்யனை என்னால் தாங்க முடியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மஞ்சளழகி நல்ல பாத்திரம், தன் நாட்டுக்காக நிற்கத் தெரிந்தவள். அவளைப் பேச விடாமல் பக்கம் பக்கமாக அங்க வர்ணனை. கல்கியின் குந்தவையும் நந்தினியும் ஒரு சொல்லில் அரசியலைத் திருப்புகிறார்கள், பூங்குழலி தனியாகப் படகை எடுத்துக்கொண்டு இருட்டில் கடலில் இறங்குகிறாள். பதினைந்து வயதுப் பெண் கையில் கொடுக்கும்போது இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மூன்றாவது புத்தகத்துக்கு இங்கே இடம் உண்டா என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். அப்பா பள்ளியில் மலையாளம் படித்தார். அவருக்கு 'சரித்திர நாவல்' என்றால் 1891இல் வெளிவந்த மார்த்தாண்ட வர்மாதான். நடை கடினம், வடசொல் மிகுதி, முதல் ஐம்பது பக்கம் கல் உடைக்கிற வேலை. ஆனால் கதை நடக்கிற இடமெல்லாம் நாம் பஸ்ஸில் கடந்து போகிற இடம்! பஞ்சவன்காட்டில் தொடங்குகிறது, நீலி கதையில் வருகிற அதே காடு. பத்மநாபபுரம் அரண்மனை, தக்கலைக்குப் பக்கத்துச் சாரோடு, பைத்தியக்காரச் சான்றான் வேடத்தில் இளவரசன் மார்த்தாண்ட வர்மனைக் காப்பாற்றுகிற அனந்தபத்மநாபன். "மக்களே, இந்த வழியாகத்தான் அவன் ஓடியிருப்பான்" என்று சாரோட்டுக்குப் போகும் வழியில் அப்பா கை காட்டியபோது என் உடல் சிலிர்த்தது. கல்கியும் சாண்டில்யனும் எனக்குத் தராத சிலிர்ப்பு அது.

பிறகு ஒரு கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டேன். தம்பிமார் கதை. நாவலில் பதவி ஆசை பிடித்த கொடியவர்களாக வருகிற, முந்தைய மன்னரின் மக்களான தம்பிமார்கள், வில்லில் நாகர்கோவிலில் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட வலிய தம்பியும் குஞ்சுத் தம்பியும் ஆகிறார்கள். குடமும் உடுக்கையும் ஏறும்போது பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அன்று இரவு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை போட்டேன்: யார் சொல்வது உண்மை? அவர் பதில் சொல்லவில்லை, இரண்டையும் திரும்பப் படி, திரும்பக் கேள் என்றார். தன் ஊர்க்காரர்களோடு வாதாட வைக்கிற நாவல் எனக்கு அது ஒன்றுதான்.

ஆகவே அக்காள் மகளுக்குக் கல்கியின் முதல் பாகத்தைக் கொடுத்தேன். தமிழில் நீண்ட கதை படிக்கிற ருசியை அவரைப் போல் பழக்குகிறவர் வேறு யாரும் இல்லை. அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனதால் குறைந்த விலையிலும் கிடைக்கும், தொலைந்தாலும் வருத்தம் இல்லை. கடல் புறாவைக் கல்லூரிக்குப் போனபின் கேள் என்றேன். மார்த்தாண்ட வர்மாவை அவளால் மலையாளத்தில் படிக்க முடியாது. அதை நானே ஞாயிற்றுக்கிழமைதோறும் வாய்விட்டுத் தமிழில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதல் ஞாயிறு பஞ்சவன்காடு முடிந்தது. அடுத்த வாரம் சாரோட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறாள், தம்பிமார் பாட்டையும் அங்கே வைத்துத்தான் பாட வேண்டுமாம்.