கொடுக்குறத பத்தின ஆறு வார ஆன்லைன் பைபிள் கிளாஸ், என் அனுபவம்

காணிக்கை கொடுங்க, டபுளா திரும்ப வரும்னு சொல்லிருவாங்களோன்னு பயந்துட்டேதான் சேர்ந்தேன், அப்படி ஒரு வார்த்தை கூட வரல. முதல் வாரமே பைபிள்ல 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம், மக்கெதோனியாவுல இருந்த கிறிஸ்தவ சபைங்கள பத்தி. அவங்களே கடும் தரித்திரத்துல இருந்தும் எருசலேம் பரிசுத்தவான்களுக்கு (அங்க இருந்த விசுவாசிங்களுக்கு) உதவுறதுல எங்களுக்கும் பங்கு வேணும்னு அப்போஸ்தலர் பவுல்கிட்ட வேண்டிக்கிறாங்க! எத்தனையோ தடவ வாசிச்சிருக்கேன், இது மனசுல பட்டதே இல்ல.

பிலிப்பியர் 4 எடுத்த வாரம்தான் எனக்கு பெஸ்ட். எந்த நிலைமையிலயும் மனரம்மியமா, அதாவது திருப்தியா, இருக்க கத்துக்கிட்டேன்னு பவுல் சொல்றது காவல்ல இருந்துகிட்டு, அதுவும் பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துங்கிறவர் கையில கொடுத்தனுப்பின உதவிய பத்தி எழுதுற இடத்துல, அங்கயும் தனக்கு கிடைச்சத விட கொடுத்தவங்க கணக்குல சேர்ற பலனைத்தான் அவர் பெருசா நினைக்கிறாரு. அன்னைக்கு நைட் எனக்கு தூக்கமே வரல. ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டு இருந்த ஒரு உதவிய, வேலை போன ஃப்ரெண்டுக்கு அடுத்த நாளே செஞ்சேன், அவன விட எனக்குதான் சந்தோஷம் ஜாஸ்தி, உண்மையிலேயே.

குறைன்னா ஆடியோ சில நாள் சரியில்ல, ஏழை விதவையோட ரெண்டு காசு பத்தி மாற்கு 12ல வர்றத பத்தே நிமிஷத்துல முடிச்சிட்டாங்க, அதுக்கு ஒரு வாரமே கொடுத்திருக்கலாம். அடுத்த பேட்ச்ல என் தம்பிய சேர்த்துவிடப் போறேன்.