மண்டபம் கூழ்க்கடை: கடலோர ஊருக்கு வேண்டிய காலை உணவு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் மீன் இறங்குதளத்துக்குப் போகும் வழியில், மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் கடை இது. பெயர்ப்பலகை கிடையாது, கூழ்க்கடை என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். காலை ஆறு மணிக்குத் திறந்து பதினொரு மணிக்குள் மூடிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் இரண்டையும் முதல்நாளே காய்ச்சிப் புளிக்க வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டுத் தருகிறார்கள். ஒரு சொம்பு 25 ரூபாய். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் இதைக் குடித்துவிட்டுத்தான் கடலில் இறங்குகிறார்கள். ஆனால் நான் இந்தக் கடைக்குப் போகச் சொல்வது மத்தி இனத்துச் சின்ன மீனான சூடைக்காக. தோசைக்கல்லில் வாழையிலைத் துண்டை விரித்து, குண்டு மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவிய மீனை அதன்மேல் அடுக்கி, நாலைந்து சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் தட்டால் மூடிவிடுகிறார்கள்; இலை கருகும் மணம் வரும்போது மீன் வெந்திருக்கும். எண்ணெய்ச் சட்டியில் முக்கி எடுத்த மீனில் இந்தச் சுவை வராது. இதயத்துக்கு நல்லதென்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா 3 கொழுப்பு, விலை மலிந்த இந்தச் சின்ன மீனில் நிறைய இருக்கிறது.

இப்படியொரு கடை இங்கே ஏன் வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் அதிக எடையோ உடல்பருமனோ உள்ள பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் அது 40.4 ஆயிற்று. ஆண்களில் 28.2 விழுக்காடு 37.0 ஆகியிருக்கிறது. விசைப்படகில் வலை இழுக்கும் வேலையை வின்ச் என்ற இழுவை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு கடல் தொழிலிலும் உடலுழைப்பு குறைந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களுக்கு அதுவும் இல்லை. உழைப்பு குறைந்தபோதும் சாப்பாட்டின் அளவு குறையவில்லை, கையெட்டும் தூரத்தில் கிடைப்பதோ பரோட்டாவும் வடையும் குளிர்பானமும்தான். இதை வாயைக் கட்டாதவர்களின் குற்றமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. மாற்று உணவு பக்கத்திலேயே கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்தால் மக்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு இந்தக் கடையில் காலையில் கூடும் கூட்டமே சாட்சி.

கல்லாவுக்கு அருகே ஆணியில் ஒரு தையல் டேப் தொங்குகிறது. அதில் 80 சென்டிமீட்டரிலும் 90 சென்டிமீட்டரிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள். இந்தியர்களில் பெண்ணுக்கு 80க்கும் ஆணுக்கு 90க்கும் மேல் இடுப்புச் சுற்றளவு போனால் சர்க்கரை நோய், இதய நோய் அபாயம் கூடுகிறது. வற்புறுத்தி யாரையும் அளப்பதில்லை. விரும்பியவர்கள் தாங்களே அளந்து பார்த்துக்கொள்கிறார்கள். பரிமாறும் அக்காவும் யாரையும் அதட்டாமல் பக்குவமாகத்தான் சொல்கிறார். “அண்ணே, சோறு போதும், மீன் வேணா இன்னொன்னு வைக்கிறேன்” என்று அவர் சொன்னபோது, கேட்டவர் முகம் சுளிக்கவில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது உப்பு. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பும் மோர் மிளகாயும் ஊறுகாயும் ஒரே வேளையில் சேர்ந்தால் அந்த அளவுக்குள் நிற்பது கடினம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முருங்கைக்கீரைத் துவட்டலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டாவது, “சர்க்கரை சேர்க்காதது” என்று எழுதி வைத்து விற்கும் கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிகள் அந்த வாசகத்தை நம்பி இரண்டு டம்ளர் குடிக்க வாய்ப்பிருப்பதால், அதை உடனே எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, மாலையில் கடை இல்லாதது. எண்ணெய்ப் பண்டங்களும் பரோட்டாவும் அதிகம் விற்கும் நேரம் அதுதான். இதைப் பற்றிக் கேட்டேன். இறங்குதளத்தை ஒட்டி, குறைந்த வாடகைக்கு ஒரு கொட்டகை கிடைத்தால் மாலையிலும் அடுப்பு மூட்டத் தயார் என்கிறார்கள்.