சின்னத் துறைமுகத்தில் படகு கட்ட: ஒற்றை மிதவையா, இருமுனைக் கட்டா, மிதவை மேடையா?

படகு வைத்திருப்பவர்களே கூடிக் குழு அமைத்து நடத்தும் சின்னத் துறைமுகங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: படகுகளை எப்படிக் கட்டுவது? வழிகள் மூன்று. ஆளுக்கொரு மிதவை போட்டு, படகு அதைச் சுற்றிச் சுழலும்படி விடலாம். முன்னும் பின்னும் கட்டி வரிசையாக நிறுத்தலாம். மிதவை மேடை போட்டு அதன் ஓரத்தில் அணைத்துக் கட்டலாம். ஆளாளுக்கு ஒரு கட்சி பேசுவார்கள், கடைசியில் இடமும் பணமும் சேர்ந்து முடிவு செய்துவிடும். எனக்கு அது போதாது. நான் முதலில் கேட்பது வேறு. இந்த அமைப்பில் தேய்கிற, துருப்பிடிக்கிற, அறுந்துபோகிற பாகத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது கண்ணால் பார்க்க முடியுமா? பார்ப்பார்களா?

ஒற்றை மிதவையை முதலில் எடுத்துக்கொள்வோம். அடியில் ஒரு பாரம், அதிலிருந்து சங்கிலி, மேலே மிதவை, மிதவையிலிருந்து படகின் முன்பக்கத்துக்குக் கயிறு. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் படகு தானே திரும்பி மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிற்கும். அதனால் கயிற்றின் மேல் விழும் இழுப்பு குறைவு. அமைப்பும் எளிது, ஒரு படகின் கட்டு அறுந்தாலும் மற்றக் கட்டுகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது (போகிற வழியில் நாலு படகை இடித்துக்கொண்டு போகும் என்பது வேறு விஷயம்).

குறை என்றால் அது விழுங்கும் இடம். 5 மீட்டர் ஆழத்துக்கு மூன்று மடங்கு, அதாவது 15 மீட்டர் சங்கிலியும் கயிறும் விட்டால், முழுக்க இழுபடும்போது அது கிடையாக 14 மீட்டர் போகும். 8 மீட்டர் படகு என்றால் சுற்று வட்டத்தின் ஆரம் 22 மீட்டர், பரப்பு சுமார் 1,500 சதுர மீட்டர். எல்லாப் படகும் ஒரே மாதிரி திரும்பும் என்று நம்பி வட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று படியவிட்டு நெருக்கிப் போடுவது வழக்கம். ஆனால் ஆழமான அடிக்கட்டை உள்ள பாய்மரப் படகு நீரோட்டத்துக்குத் திரும்பும், உயரமான கூண்டு வைத்த தட்டை அடி மோட்டார் படகு காற்றுக்குத் திரும்பும். காற்று ஒரு பக்கமும் ஓட்டம் ஒரு பக்கமும் இருக்கிற நேரத்தில் பக்கத்துப் பக்கத்துப் படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்வது இதனால்தான். நெருக்கித்தான் போட வேண்டும் என்றால் ஒரே ரகப் படகுகளை ஒரே பகுதியில் போடுங்கள். இதற்குச் செலவே இல்லை, வரைபடத்தைப் பார்த்து நாலு பேரை இடம் மாற்றச் சம்மதிக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சம்மதம்தான் கஷ்டம் என்பது தெரியும்.

முன்னும் பின்னும் கட்டும் இருமுனைக் கட்டில் படகு சுழலாது. அதே 1,500 சதுர மீட்டரில் ஏழெட்டுப் படகுகளை நிறுத்திவிடலாம். ஒடுங்கிய ஓடைக்கும், நீரோட்டம் எப்போதும் ஒரே கோட்டில் போய்வரும் ஆற்று முகத்துக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. திறந்த குடாவுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காற்று பக்கவாட்டில் அடித்தால் படகால் திரும்ப முடியாது, விலா முழுவதையும் காட்டிக்கொண்டு நிற்கும், முன்பக்கம் மட்டும் காட்டும்போது வரும் இழுப்பைவிடப் பல மடங்கு கயிற்றில் ஏறும். அதோடு, பல துறைமுகங்களில் அடியில் ஒரு நீளமான தரைச்சங்கிலியைப் போட்டு அதிலிருந்து ஒவ்வொரு படகுக்கும் கிளைச்சங்கிலி எடுப்பார்கள். மலிவுதான். ஆனால் அந்தத் தரைச்சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் வரிசை முழுவதும் ஒரே இரவில் கரையில் கிடக்கும். அந்தக் கண்ணியோ சேற்றுக்குள் புதைந்திருக்கும்.

மிதவை மேடை எல்லாருக்கும் பிடித்தது. நடந்து போய் ஏறலாம், குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போகலாம், கயிறும் வளையங்களும் கண்ணெதிரே இருக்கும். என் முதல் கேள்விக்கு மூன்றில் நல்ல பதில் சொல்வது இதுதான். ஆனால் அலையிலிருந்து உண்மையான மறைப்பு இருக்கிற இடத்தில் மட்டும். அலை புகும் இடத்தில் மேடைத் துண்டுகளை இணைக்கும் கீல்கள் ஓயாமல் ஆட்டம் கண்டு உடையும், படகும் மேடையும் இடித்துக்கொள்ளும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மேடையைப் பிடித்துநிற்கும் தூண்களின் உயரம். புயலில் நீர்மட்டம் வழக்கமான உச்சத்தைத் தாண்டி ஏறும்போது, தூண் குட்டையாக இருந்தால், மேடை அதன் தலைக்கு மேல் எழும்பிக் கழன்று, கட்டியிருக்கும் படகுகளோடு சேர்ந்து மிதந்துபோய்விடும். மேடையில் மின் இணைப்பும் வைத்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின் பாதுகாப்பு இருக்க வேண்டும். நன்னீர் ஏரி, ஆறு என்றால் இரட்டைக் கவனம். அங்கே தண்ணீரைவிட மனித உடம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், படகிலிருந்து கசியும் மின்சாரம் பக்கத்தில் நீந்துகிற ஆளின் வழியாகப் போகும். மேடை ஓரத்தில் யாரும் நீந்தக் கூடாது என்ற விதியை நான் எந்தக் கூட்டத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, மிதவைதான் என்று முடிவானால் அடியில் என்ன போடுவது? இங்கேயும் மூன்று கட்சி.

கான்கிரீட் கட்டியை எல்லாருக்கும் தெரியும். அச்சில் ஊற்றி, கொண்டுபோய் இறக்கிவிடலாம். ஆனால் கரையில் 1,000 கிலோ எடையுள்ள கட்டி கடல்நீருக்குள் 570 கிலோதான் இருக்கும், மீதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். இரும்பு அப்படி இல்லை, அதன் எடையில் எட்டில் ஒரு பங்குதான் குறையும். பழைய இரும்புப் பாரங்களை ஆட்கள் தேடிப்பிடித்து வாங்குவது இதற்காகத்தான். கான்கிரீட்டுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும்: எந்தத் தரையிலும் உட்காரும், பாறையில்கூட. இழுபட்டாலும் ஒரேயடியாகப் பிடியை விடாது, தரையை உரசி இழுத்துக்கொண்டே போகும்.

காளான் வடிவ நங்கூரம் சேற்றுக்கென்றே ஆனது. கலங்கரை விளக்கங்கள் கட்டிய ராபர்ட் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விளக்குக் கப்பலை நிறுத்தப் பயன்படுத்தியது. மெல்லிய சேற்றில் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் புதைந்தால் தன் எடையைப் போலப் பல மடங்கு பிடிக்கும். மணலிலோ கூழாங்கல்லிலோ புதையாமல் சாய்ந்து கிடக்கும். புதைந்ததும் ஒருமுறை பிடுங்கிக்கொண்டால் முதலிலிருந்து புதைய வேண்டும். அதற்குள் அடுத்த காற்று வந்துவிடும். இன்று போட்டு நாளை படகைக் கட்டினால் அதை நங்கூரம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

மூன்றாவது திருகு நங்கூரம். இதை உருவாக்கியவர் அயர்லாந்தின் அலெக்சாண்டர் மிச்சல், பார்வையற்ற பொறியாளர், காப்புரிமை பெற்றது 1833இல். நீளமான தண்டில் அகலமான திருகு இலைகள், அதை அப்படியே கடலடித் தரைக்குள் திருகி இறக்குவது. மணலிலும் கெட்டியான களிமண்ணிலும் இதன் பிடிமானத்துக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வராது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், இறக்கும்போது தேவைப்படும் முறுக்கு விசையை அளந்தாலே எவ்வளவு பிடிக்கும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். மற்ற இரண்டிலும் புயல் வந்த பிறகுதான் தெரியும். இறக்குவதற்குக் கருவியும் அனுபவமுள்ள ஆட்களும் வேண்டும், பாறைத் தரையில் சாதாரணத் திருகு இறங்காது. கடற்புல் இருக்கும் இடமென்றால், திருகோடு தரையைத் தொடாத, நீளும் ரப்பர்க் கயிற்றையும் சேர்த்துப் போடுவது நல்லது. சாதாரணச் சங்கிலி, படகு சுற்றச்சுற்றத் தரையைத் துடைத்து வட்டமாகப் புல்லே இல்லாத சொட்டைகளை உண்டாக்கிவிடும்.

இதெல்லாம் சொன்னாலும், சின்னத் துறைமுகங்களில் படகு போவது பெரும்பாலும் அடிப்பாரத்தால் அல்ல என்பேன். நடுவில் இருக்கும் சங்கிலியும் கயிறும்தான் காரணம்.

சங்கிலியை மூன்று பகுதியாகப் பாருங்கள். சேற்றில் புதைந்தே கிடக்கும் பகுதி ஓரளவு நன்றாக இருக்கும். மிதவைக்குக் கீழே தொங்கும் பகுதி துருப்பிடித்தாலும் கண்ணில் படும். நடுவில் ஒவ்வொரு அலைக்கும் தரையிலிருந்து எழுந்து மறுபடி விழும் பகுதிதான் கொலைகாரப் பகுதி. அங்கே கண்ணியும் கண்ணியும் நடுவில் மணலை வைத்து அரைத்துக்கொண்டே இருக்கும். சங்கிலியைத் தூக்கி, கண்ணிகள் தொட்டுக்கொள்ளும் உள் வளைவைச் சுரண்டிப் பார்த்தால் மற்ற இடத்தில் துரு படிந்து தடிமனாகத் தெரியும், அங்கே மட்டும் பளபளவென்று கத்தி தீட்டிய மாதிரி மெலிந்திருக்கும். அளவெடுக்க வேண்டியது அந்த வளைவில்தான், கண்ணியின் பக்கவாட்டில் அல்ல. 12 மில்லிமீட்டர் கம்பி 8க்கு வந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குதானே போனது என்று தோன்றும். ஆனால் பலம் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, மீதி இருப்பது பாதிகூட இல்லை, 44 சதவீதம். அதோடு காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று யாருக்கும் சொல்ல வாய் வராது. ஷேக்கிள் (சங்கிலித் துண்டுகளை இணைக்கும் வளையம்) ஆணிகளைக் கம்பியால் பூட்டும்போது துத்தநாகம் பூசிய கம்பியையே போடுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் போட்டால் கடல்நீரில் அது பக்கத்திலிருக்கும் துத்தநாகத்தை அரித்துவிடும்.

மேலே படகுக்கு வரும் கயிற்றில் நைலானா, பாலியெஸ்டரா என்ற சண்டை உண்டு. நைலான் நீண்டு கொடுக்கும், அலையின் வெட்டிழுப்பை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த நீளும் குணமே படகின் விளிம்பில் உரசும் இடத்தில் எமனாகிறது. புயலில் ஓயாமல் நீண்டு சுருங்கும்போது உள்ளே சூடேறி, கயிறு உள்ளிருந்தே பலமிழக்கும். உரசாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிடுவார்கள், அது தண்ணீர் உள்ளே போய்க் குளிர்விப்பதையும் தடுத்துவிடும். தண்ணீர் ஊறும் துணி உறையே மேல். என் தேர்வு: விளிம்பைத் தொடும் பகுதி பாலியெஸ்டர், அதற்குக் கீழே நைலான், எதுவானாலும் இரட்டைக் கயிறு. பாலிப்ரொப்பிலீன் வேண்டவே வேண்டாம், மிதந்து பக்கத்துப் படகின் விசிறியில் சிக்கும், வெயிலில் பொடிந்தும் போகும்.

அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒப்பீடு. தண்ணீருக்கடியில் இருக்கும் சாமான் யாருடையது? படகுக்காரரே வாங்கிப் போட்டுப் பராமரிப்பது ஒரு முறை, குழு எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக் கட்டணம் வாங்குவது இன்னொரு முறை. முதலாவது குழுவுக்குச் சுலபம், கையில் பணம் இல்லாமலே தொடங்கலாம். ஆனால் கையில் கிடைத்ததை ஆளுக்கொன்றாகப் போடுவார்கள். ஒருவர் வருடாவருடம் சங்கிலி மாற்றுவார், அவருக்குக் காற்றுப் பக்கத்தில் நிற்பவர் ஐந்து வருடமாகத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். புயலில் அறுந்து வருவது இவருடைய படகு, நொறுங்குவது அவருடையது. ஒழுங்காகப் பராமரித்தவருக்கு அந்தப் பராமரிப்பால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காத ஏற்பாட்டை நியாயம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. குழுவின் சாமான் என்றால் ஒரே அளவு சங்கிலியை மொத்தமாக வாங்கலாம், வரிசை முறையில் மாற்றலாம், யார் எப்போது பார்த்தார், உள் வளைவில் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்று ஒரே நோட்டில் எழுதலாம். எதிர்ப்பு வருவது, விபத்து நடந்தால் பொறுப்பு முழுவதும் குழு தலையில் விழுமே என்ற பயத்தால். அந்தப் பயம் சரியானதே, அதனால் காப்பீடும் எழுத்தில் ஒப்பந்தமும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: சாமான் படகுக்காரருடையதாகவே இருக்கட்டும், அளவை வரையறுப்பதும் சோதிப்பதும் குழு. சோதனைச் சீட்டு இல்லாதவர் அந்தப் பருவத்துக்குக் கட்டக் கூடாது. கண்டிப்பாகச் செயல்படுத்த ஆள் இருந்தால் இதுவும் நடக்கும்.

சோதிப்பதில், முழுக்காளி (நீரில் மூழ்கி வேலை செய்பவர்) இறங்கிப் பார்ப்பதா, பளுதூக்கி வைத்த படகால் தூக்கிப் பார்ப்பதா? கலங்கல் நீரில் முழுக்காளி கையால் தடவித்தான் பார்க்க முடியும். தூக்கினால் பகல் வெளிச்சத்தில் எல்லாருமே பார்க்கலாம், படகுக்காரரிடமே காட்டலாம், வாக்குவாதம் அங்கேயே முடியும். காளான் நங்கூரத்தை மட்டும் தூக்காதீர்கள், புதைந்த பிடி போய்விடும். திருகையும் தூக்க முடியாது. அவற்றுக்கு முழுக்காளிதான், சங்கிலியை மட்டும் மேலே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்களின் பாதுகாப்பில் ஒப்பிட்டால், மிதவைக் கட்டின் பெரிய ஆபத்து படகில் இல்லை, படகுக்குப் போய்வரும் சின்ன வள்ளத்தில் இருக்கிறது. இருட்டில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் போவார்கள், நூறு மீட்டர்தானே என்று. மேடையில் இருக்கும் ஆபத்து விழுந்தால் ஏற முடியாமல் போவது. நனைந்த உடையோடு, பிடிமானமில்லாத மேடை ஓரத்தில் கையை ஊன்றி மேலே வருவது வாட்டசாட்டமான ஆளுக்கே கடினம். தண்ணீருக்குள் குறைந்தது ஒரு மீட்டர் இறங்கும் நிலையான ஏணிகள் வேண்டும், தண்ணீரில் கிடப்பவர் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில். பக்கத்திலேயே வீசு கயிறும் மிதவை வளையமும்.

குழுவிடம் இந்த வருடம் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புது மேடைக்குச் சேர்த்துவைப்பதை நிறுத்திவைத்து ஏணிகளை வாங்குங்கள், மீதிப் பணத்தில் பளுதூக்கிப் படகை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள், எல்லாச் சங்கிலியையும் தூக்கி அளவெடுத்து எழுதுங்கள். எந்த ஏற்பாட்டுக்கு மாறுவது என்ற விவாதத்தை அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் தொடங்கலாம்.