1953 ‘டோஸ்கா’: மைக்செட் கடையில் கேட்ட இத்தாலி ஓபரா

ஓபரா பாடகி மரியா காலஸ் பாடிய ‘டோஸ்கா’ பதிவுகளில் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் 1953. மோனோ பதிவு (இடது வலது பிரியாத ஒற்றை ஒலி), ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், இரண்டு சிடி. ஆனால் எங்கள் கடையில் இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் என்னோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதினால்தான் இந்த விமர்சனம் முழுசாகும்.

நான் திருமங்கலத்தில் மைக்செட் வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, வள்ளி திருமணம் நாடகம் என்று அப்பா காலத்திலிருந்து இதே தொழில். விடிய விடிய நாடகத்துக்கு ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு ஓபரா அந்நியமாகத் தெரியவில்லை. கதை முழுவதும் பாட்டிலேயே நடக்கிறது. மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை குரல் போயாக வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்களைக் கேட்ட காதுக்கு இந்த இரண்டும் பழக்கமானவைதான்.

கதை சுருக்கமாக. 1800 ஜூன், ரோம். ஓவியன் கவரடோசி, தப்பி வந்த அரசியல் கைதி ஒருவனுக்கு ஒளிந்துகொள்ள இடம் காட்டுகிறான். அவன் காதலி டோஸ்கா, பேர்பெற்ற பாடகி. போலீஸ் தலைவன் ஸ்கார்பியா கவரடோசியைப் பிடித்துச் சித்திரவதை செய்கிறான். அவனை விட வேண்டுமானால் நீ எனக்கு இணங்கு என்கிறான் டோஸ்காவிடம். அவள் சாப்பாட்டு மேஜையில் கிடந்த கத்தியை எடுத்துக் குத்திவிடுகிறாள். மூன்றாம் அங்கத்தில், பொய்யாகச் சுடுவார்கள் என்று ஸ்கார்பியா சொல்லி வைத்திருந்தது நிஜத் துப்பாக்கிச்சூடாகிறது. அவள் கோட்டை மதிலிலிருந்து குதிக்கிறாள். புச்சினியின் இசையில் 1900 ஜனவரியில் ரோமில் முதலில் மேடையேறியது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். தெரியாமல் கேட்டால் வெறும் சத்தமாகத்தான் இருக்கும்.

1953 ஆகஸ்டில் மிலான் லா ஸ்காலா அரங்கில் பதிவு செய்தார்கள். வாத்தியக் குழுவை நடத்தியவர் விக்டர் டி சபாட்டா, தயாரிப்பாளர் வால்டர் லெக். காலஸுக்கு அப்போது 29 வயது. கவரடோசியாக ஜுசெப்பே டி ஸ்டெஃபானோ, ஸ்கார்பியாவாக டீட்டோ கோபி. முதல் அங்கத்தில் தன் பகுதிகளை கோபி முப்பது முறை பாட வேண்டியிருந்ததாம். நம்பக்கூடியதுதான். ஒவ்வொரு சொல்லையும் ருசி பார்த்துத் துப்புகிற மாதிரிப் பாடுகிறார். இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் வாய் திறந்தாலே ஸ்கார்பியா அறைக்குள் வந்துவிடுகிறான்.

முதல் எதிர்ப்பு எங்கள் ஊர் நாயனக்காரரிடமிருந்து வந்தது. கோயில் வாசிப்பு முடிந்து டீ குடிக்க வருவார். ஆரம்பமே அவருக்கு ஆகவில்லை. திரை விலகும்போது பித்தளை வாத்தியங்கள் முழு வேகத்தில் மூன்று கூட்டு ஸ்வரங்களை அடிக்கும், ஸ்கார்பியாவின் அடையாளம் அது. மூன்றும் ஒன்றோடொன்று உறவில்லாத சுருதியில் இருக்கும். “தம்பி, இதுல ஆதார ஸட்ஜம் எங்கப்பா இருக்கு?” என்றார். இங்கே தம்புரா மாதிரி நிலையாக ஓடும் சுருதி கிடையாது, இடம் மாறிக்கொண்டே போகும் என்று சொல்லிப் பார்த்தேன். அதைக்கூட ஒப்புக்கொண்டார். காலஸ் குரலைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. “மேல போனா கொரலு ஆடுது. கூர்மையா காதுல ஏறுது. நின்னு பாட வேணாமா?” எம்.எஸ். பிறந்த ஊர்ப்பக்கம் இது. இழை பிசகாமல் ஸ்வரத்தில் நிற்கும் குரலைக் கேட்டே பழகியவர் அப்படித்தான் கேட்பார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. காலஸ் குரல் கீழே ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், உச்சியில் ஒரு நிறம். உச்சியில் உலோகத்தின் கூர்மை வந்துவிடும். மேல்நாட்டு ரசிகர்களே இதற்காக இத்தனை வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். ஆனால் 1953இல் அந்த உச்சி உறுதியாக நிற்கிறது. மூன்றாம் அங்கத்தில், எப்படிக் குத்தினேன் என்று காதலனிடம் விவரிக்கும் இடத்தில் குரல் மேலே பாய்ந்து அப்படியே கீழே இறங்கும். கத்தி இறங்கியதை அவள் இன்னொரு தரம் செய்து காட்டுகிறாள். அந்த இடத்தில் பஞ்சுபோன்ற குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதே நாயனக்காரர் டி ஸ்டெஃபானோவைக் கொண்டாடிவிட்டார். “இந்தாளு தொண்டையத் தொறந்து பாடுறாரு பாரு.” வேடிக்கை என்னவென்றால், அங்கே விமர்சகர்கள் அவர்மேல் வைக்கும் குறையே அதுதான்: உச்சியில் குரலை மூடி வட்டமாக்காமல் திறந்தே பாடுகிறார், குரலுக்குக் கேடு என்பார்கள். நான் நாயனக்காரர் பக்கம்தான். சொல் தெளிவாக விழுகிறது, வெயில் மாதிரிச் சூடு இருக்கிறது. மரணத்துக்குக் காத்திருக்கும்போது நட்சத்திரங்களை நினைத்துப் பாடும் பாட்டுக்கு முன்னால் ஒரு கிளாரினெட் தனியாக வரும். அதற்கு நாயனக்காரர் தொடையில் தாளம் போடுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்.

இரண்டாவது ஆள், மதுரையில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் சார். அவருடைய புகார் பதிவைப் பற்றியது. முதல் அங்கத்தின் முடிவில் நெப்போலியன் தோற்றுவிட்டான் என்று பொய்ச் செய்தி வருகிறது. மரெங்கோ போரில் ஜெயித்தது அவன்தான் என்பது இரண்டாம் அங்கத்தில்தான் தெரியும். அந்தப் பொய் வெற்றிக்கு நன்றி சொல்லி தேவாலயத்தில் ‘தெ தேயும்’ பாடுகிறார்கள். மணி இரண்டு ஸ்வரத்தில் மாறி மாறி ஆடுகிறது, பீரங்கி, ஆர்கன், கோரஸ், அத்தனைக்கும் நடுவில் ஸ்கார்பியா, டோஸ்கா நீ என்னைக் கடவுளையே மறக்கச் செய்கிறாய் என்று பாடுகிறான். சாருக்கு அந்தத் துதிப்பாடல் மனப்பாடம். “கோரஸ்ல யார் என்ன பாடுறாங்கன்னு பிரியவே மாட்டேங்குது. ஆர்கன் பெடல் இருக்கா இல்லையான்னே தெரியல” என்றார். அவர் வாக்கு 1962 பதிவுக்கு. கராயன் நடத்த, லியோன்டீன் பிரைஸ் பாட, வியன்னாவில் டெக்கா கம்பெனி எடுத்த ஸ்டீரியோ பதிவு அது. டி ஸ்டெஃபானோ அதிலும் கவரடோசி.

தொழில்காரனாகச் சொல்கிறேன், ‘தெ தேயும்’ விஷயத்தில் சார் சொல்வது சரி. 1953இல் அந்த உச்சக்கட்டம் நெரிசலாகத்தான் இருக்கிறது. ஆனால் மோனோ என்றாலே தட்டையான சத்தம் என்று நினைக்காதீர்கள். இடது வலது கிடைக்காதே தவிர, கிட்டத்தில் எது தூரத்தில் எது என்பது நன்றாகவே கிடைக்கும். இரண்டாம் அங்கத்தில் ஸ்கார்பியா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், ஜன்னலுக்கு வெளியே கீழே எங்கோ டோஸ்கா கோரஸோடு பாடுவது கேட்கிறது. எரிச்சலில் ஜன்னலைச் சாத்துகிறான். பாட்டு அறுந்துவிடும். உடனே அந்த அறை எவ்வளவு சின்னது, அதற்குள் மாட்டிக்கொண்டவர்கள் யார் என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு ஒரு ஸ்பீக்கர் போதும்.

ஒரே ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள் என்பதுதான் என் யோசனையும். இரண்டு பெட்டியை அகலமாகப் பிரித்து வைத்தால் நடுவில் குரல் மெலிந்துவிடும். பேஸ் பூஸ்ட் வேண்டாம். ட்ரெபிளை ஒரு புள்ளி குறைத்தால் காலஸின் கூர்மை அடங்கும் என்று ஒருத்தர் சொன்னார். செய்து பார்த்தேன், கூர்மையோடு சொல்லும் போய்விட்டது. ஃபோனில் கேட்பவர்கள் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாத ஆப்பில் கேளுங்கள், இசை எங்கேயும் நிற்காமல் ஓடுவது. எனக்கு முதலில் கிடைத்த நகலில் ஒவ்வொரு டிராக் முடிவிலும் வெட்டு விழுந்து மூன்றாம் அங்கமே நாசமாகியிருந்தது. 2014இல் வார்னர் கம்பெனி மறுபடி சுத்தம் செய்து வெளியிட்டதை இப்போது வைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது.

மூன்றாவது கருத்துதான் எனக்கு முக்கியம். ஒரு காலத்தில் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் போட்ட அக்கா ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கதையை மட்டும் சொல்லி இரண்டாம் அங்கத்தைப் போட்டேன். டோஸ்காவும் ஸ்கார்பியாவும் மாற்றி மாற்றிப் பாடும் நீண்ட வாக்குவாதம் வந்ததும், “இது தர்க்கம்ல!” என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஓர் ஆள் விட்ட இடத்தை அடுத்த ஆள் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மேடையில் கற்றவர். கோபி முடிக்கும் மூச்சில் காலஸ் எடுப்பதை அவர் விரலை மடக்கி மடக்கிக் காட்டினார்.

அப்புறம் கொலை. ஸ்கார்பியா செத்துக் கிடக்கிறான். இவனைப் பார்த்துத்தான் ரோம் நகரமே நடுங்கியது என்று ஒரு வரி. புச்சினி அதைக் கீழ்ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தில் எழுதியிருக்கிறார். பலர் அதை உரத்துக் கத்தி நாடகமாக்குவார்கள். காலஸ் நெஞ்சுக்குரலில், கிட்டத்தட்டப் பேச்சாக, மூச்சைப் பிடித்துச் சொல்கிறார். வெறுப்பு இருக்கிறது, தான் செய்ததை இன்னும் நம்ப முடியாத திகைப்பும் அதிலேயே இருக்கிறது. அக்கா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “தம்பி, அந்த எடத்த இன்னொரு தடவ போடு.” போட்டேன். “இந்தம்மாவுக்குப் பாட்டு வேற, வசனம் வேற இல்லப்பா. எங்க வாத்தியாரு இதத்தான் சொல்லிக் குடுக்கப் பாத்தாரு” என்றார். குரல் நல்லா இருக்கா என்று நாயனக்காரர் விடாமல் கேட்டார். “அண்ணே, கொல பண்ணிட்டு நிக்கிறவளுக்குக் கொரலு எப்படி இருக்கும்?” என்று அக்கா திருப்பிக் கேட்டதுக்கு அவரிடம் பதில் இல்லை. ஆனாலும் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் அக்கா பக்கம். இந்தப் பதிவை டி சபாட்டாவுக்காகவும் வாங்க வேண்டும். ஸ்டுடியோவில் அவர் முழுதாகப் பதிவு செய்த ஓபரா இது ஒன்றுதான். ரோம் நடுங்கியது என்ற அந்த வரிக்குப் பிறகு டோஸ்கா பிணத்தின் இருபுறமும் மெழுகுவர்த்தி வைத்து, மார்பில் சிலுவையை வைக்கும்வரை பாட்டே கிடையாது, வாத்தியங்கள் மட்டும். அந்த இடத்தில் அவர் அவசரமே படவில்லை. அவள் நடப்பது எனக்குக் கேட்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். கலைக்காகவே வாழ்ந்தேன், எனக்கு ஏன் இந்தக் கதி என்று டோஸ்கா இறைவனிடம் கேட்கும் ‘விஸ்ஸி டார்தே’வை மட்டும் தனியாக எடுத்தால் நான் பிரைஸ் பாடியதைத்தான் போடுவேன். அந்தக் குரலின் செழுமைக்கு அது பொருந்துகிறது. காலஸே 1964இல் பாரிஸில் ஸ்டீரியோவில் மறுபடி பாடினார், கோபியும் கூட இருந்தார். பதிவு துல்லியம், ஆனால் உச்சியில் நாயனக்காரர் சொன்ன ஆட்டம் அதில் நிஜமாகவே இருக்கிறது. முதல் பதிவாக அதை வாங்க வேண்டாம்.

புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாம் அங்கத்திலிருந்து தொடங்குங்கள், முதல் அங்கத்துக்குப் பிறகு திரும்பலாம். 1962 பதிவை முழுசாகப் போட்டுக் காட்டினால்தான் ஆச்சு என்று ஆர்கன் சார் அடம்பிடிக்கிறார், நாயனக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைத் தனியாக எழுதுகிறேன்.