லெவாந்தார்மேயா, தே லெவாந்தெஸா?

ஸ்பானிஷில் ‘எழுந்திருக்க வேண்டும்’ என்ற விருப்பத்தைச் சொல்லும்போது பலரும் இந்த இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறார்கள்.

யார் எழுவது?
கியெரோ லெவாந்தார்மே: விரும்புவதும் எழுவதும் நானே.
கியெரோ கே தே லெவாந்தெஸ்: விரும்புவது நான், எழுவது நீ.

மே (என்னை), தே (உன்னை) எங்கே?
முதலாவதில் வினையின் வாலில் ஒட்டும். ‘மே கியெரோ லெவாந்தார்’ என்றாலும் சரி.
இரண்டாவதில் வினைக்கு முன்னால், தனிச் சொல்லாக மட்டுமே.

உழைப்பு?
முதலாவது சுலபம்.
இரண்டாவதில் ஆளுக்கேற்ப ஆறு வடிவங்கள். அப்புறம் தோர்மிர்சே (தூங்கிப்போவது) போன்றவை இன்னும் படுத்தும், வினையின் நடு எழுத்தே மாறும்: நான் என்றால் ‘மே துவெர்மா’, ஆனால் நாங்கள் என்றால் ‘நோஸ் துர்மாமோஸ்’. வாய்விட்டுச் சொல்லிப் பழகியதுதான் எனக்குக் கைகொடுத்தது.

ஆள் ஒருவரே என்றால் முதலாவது. கியெரோவுக்குப் பின் ஆள் மாறினால் இரண்டாவதுதான்.